பூட்டாத கண்

முயல் பின்னுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்றைக்குத்தான் முதல்முதலாக ஊசி பிடிக்கிறவளுக்கும் அது வரும். எப்படி என்று கீழே சொல்லித்தான் வைக்கிறேன். ஆனால் பின்னல் முயல் என்றால் எனக்கு ஒருத்தியின் முகம்தான் முன்னுக்கு வரும். அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்கு அது ஒரு பெருமையாகிவிடும். புத்தூர்க்காரி என்று மட்டும் எழுதுகிறேன். புத்தூரில் இருக்கிற நல்ல மனிதர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வடமராட்சியின் வடக்குக் கரையில் எங்கள் ஊர். ஐயா கடலுக்குப் போகிறவர். போகாத நாட்களில் வலை கட்டுகிறவர். அவர் கட்டிய வலையில் ஒரு கண் விட்டுப்போனது என்று கரையில் ஒருவரும் சொன்னதில்லை. வலையில் நூலுக்கு நூல் நடுவே இருக்கிற துளையை நாங்கள் கண் என்போம். இவ்வளவு கெட்டிக்காரருக்குக் கையெழுத்து வைக்க மட்டும் தெரியாது. கந்தோரில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், பெருவிரலை மையில் தோய்த்துவிட்டு வருகிற நாளில், முற்றத்து மணலில் குந்தியிருந்து அந்த விரலைத் தோல் உரியும்படி தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே, “என்ரை பிள்ளை படிச்சு ரீச்சராய் வருவாள்” என்று மணலுக்குச் சொல்லுவார்.

வல்லை வெளிக்கு அந்தப் பக்கம், வலிகாமத்தில், பெண்பிள்ளைகளுக்கு ஒரு மிசன் பள்ளிக்கூடம் நடத்திய வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை மிஸியம்மா என்போம். எங்கள் கரைக்கு மருந்து கொடுக்க வந்த இடத்தில் நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் எதுவும் வாங்காமல் என்னைத் தன் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துக்கொண்டார். சேர்க்கிற அன்று ஐயாவிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். மிஸியம்மா தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் பேசுவதும் அப்படித்தான் இருக்கும். “உமது மகள் நன்னடத்தையோடு இருந்தால் ஆசிரியப் பயிற்சி வரைக்கும் நான் படிப்பிப்பேன். தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.” ஐயா இரண்டு கையாலும் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டதை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

அந்த விடுதியில் இருந்தவர்கள் எல்லாரும் தோட்டமும் வயலும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். கரையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். நல்லவர்களும் இருந்தார்கள். நல்லவர்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கைவேலை வகுப்பு. தையல் ரீச்சர் என்று ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டார். அவர் புத்தூர்க்காரிக்கு மாமி முறை. அந்த வருடம் மிஸியம்மா கம்பளி நூலில் பின்னல் பழக்க வேண்டும் என்று முடிவுசெய்து, முதல் வகுப்புக்குத் தானே வந்தார். இரண்டு ஊசியைப் பிடித்து ஒரு வரி பின்னிக் காட்டினார். ஊசியில் வரிசையாக நிற்கிற வளையங்களில் ஒன்றைத் தொட்டு, “இதை ஆங்கிலத்தில் ஸ்ரிச் என்போம். தமிழில் என்ன சொல்வது?” என்று கேட்டார்.

“தையல் எண்டு சொல்லலாம் மிஸியம்மா” என்றார் தையல் ரீச்சர்.

“தையல் வேறு அல்லவா?” என்றார் மிஸியம்மா.

மற்றவர்கள் யோசித்தார்கள். எனக்கோ அதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து நின்று, “கண், மிஸியம்மா” என்றேன்.

மிஸியம்மா அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் உருட்டிப் பார்த்தார். “மிகவும் அழகான சொல்” என்று கரும்பலகையில் எழுதினார். கண் ஏற்று, கண் கூட்டு, கண் குறை, கடைசிக் கண்ணைப் பூட்டு என்று என்னிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். இனி வகுப்பில் எல்லாரும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் வானத்தில் நின்றேன்.

அவர் வாசலைத் தாண்டக்கூட இல்லை, பின் வரிசை வாங்கில் இருந்து புத்தூர்க்காரியின் குரல் வந்தது. “அப்ப இனி நாங்கள் மீன் பிடிக்கவும் பழக வேணுமோ ரீச்சர்?”

வகுப்பு சிரித்தது. தையல் ரீச்சர் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்று பின்னேரமே எனக்கு வலைக்கண் என்று பட்டம் வந்துவிட்டது. எடி வலைக்கண், இஞ்சை வா. எடி வலைக்கண், தண்ணி அள்ளு. கரும்பலகையில் ஏறிய சொல் அவர்கள் வாயில் ஏச்சாக இறங்கியது.

ஆனால் பின்னல் ஒருவருக்கும் என்னைப் பார்க்காமல் வரவில்லை. பழகுகிறவளின் ஊசியிலிருந்து கண் நழுவும். நழுவினால் அது ஏணிப்படி மாதிரிக் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும். அதை அடியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏற்ற வேண்டும். கிழிந்த வலைக்கு முன்னால் இருந்து வளர்ந்த எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. வகுப்பில் பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், வகுப்பு முடிந்ததும் சட்டைக்குள் பின்னலை ஒளித்துக்கொண்டு கிணற்றடிக்கு வருவார்கள். புத்தூர்க்காரியும் வந்தாள், ஒரு தரமல்ல, ஏழெட்டுத் தரம். எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், வேறென்ன, தலைக்கனம்தான். என்னால் முடிந்தது அவளால் முடியவில்லை என்பதை அவளே கொண்டுவந்து என் கையில் வைக்கிறாளே என்ற ருசி.

பிறகு கப்பலில் கம்பளி நூல் பெட்டி வந்தது. பெற்றார் தினத்துக்கு ஆளுக்கொரு முயல் பின்னி மேசையில் வைப்பது, பிறகு அவற்றை ஆஸ்பத்திரியில் கிடக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. கழியாக, நீளச் சுருளாக, வந்த நூலை உருண்டையாகச் சுற்றும் வேலையை மிஸியம்மா என்னிடம் தந்தார். வெள்ளை நூல் கொஞ்சம்தான் இருந்தது. எல்லாருக்கும் அதில்தான் கண். சுற்றும்போது ஒரு வெள்ளைக் கழியில் நூல் அறுந்திருந்தது. வலைக்குப் போடுகிற எங்கள் முடிச்சைப் போட்டு இணைத்துச் சுற்றினேன். சின்ன, தட்டையான முடிச்சு. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நூல் பங்கிட்டபோது, வரிசையில் என் முறை வந்த இடத்தில் ரீச்சரின் கையில் அகப்பட்டது அந்த வெள்ளை உருண்டைதான். எனக்குத் தந்தார். நான் அதை மடியில் வைத்தேன். எனக்கு அடுத்தாற்போல் நின்ற புத்தூர்க்காரிக்குச் சாம்பல் நிறம் வந்தது. அவள் என் மடியைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“ரீச்சர், உந்த நூல் வெடுக்கு மணக்குது.”

வெடுக்கு என்றால் பச்சை மீனின் மணம். ரீச்சர் என் மடியிலிருந்து உருண்டையை எடுத்தார். போடி விசரி என்று அவளை ஒரு சொல் பேசியிருந்தால் முடிந்திருக்கும். பேசவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அந்த நூலை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மணந்து பார்த்தார்.

“ஓமடி, கொஞ்சம் இருக்குத்தான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, கனிவாகப் பேசுகிறவர் மாதிரி, “உனக்கு வேறை நூல் தாறன் பிள்ளை. வருத்தக்காரப் பிள்ளையளுக்குக் குடுக்கிற சாமானெல்லே” என்றார். பெட்டியின் அடியில் கிடந்த மண் நிற நூல் எனக்கு வந்தது.

அந்த வெள்ளை நூல் மணந்தது உண்மைதான். கப்பல் ஈரமும், ஆட்டு மயிரும், பூச்சி அரிக்காமல் போட்ட அந்துருண்டையும் கலந்த மணம். மீன் மணம் அதில் துளியும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேன். என் பின்னல் ஊசிகள் ஐயா பனைமரச் சிராம்பில் சீவித் தந்தவை. காய்ந்த திருக்கை மீன் தோலால் உரஞ்சி வழவழப்பாக்கியவை. கிணற்றடியில் தனியே போய் அந்த ஊசிகளை மணந்து பார்த்தேன். கையை மணந்தேன். சட்டையை மணந்தேன். தலைமயிரை இழுத்து மணந்தேன். ஒரு மணமும் இல்லை. என்னைக் கொண்டே என்னை மணக்க வைத்தாளே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத புண். பட்டம் சொன்னதை மன்னிக்கலாம். இதை எந்தப் பிறவியில் மன்னிப்பது?

முயல் பின்னுகிற முறை இதுதான். ஊசியில் முப்பத்தாறு கண் ஏற்றுங்கள். வரிக்கு வரி ஒரே மாதிரி நேராகப் பின்னிக்கொண்டே போங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். லேஞ்சியை மடிக்கிற மாதிரி மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள். மூலைகள் ஒன்றாக வந்தால் சதுரம் சரி. பிறகு மேல் விளிம்பில் கண்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தள்ளி மூடுங்கள். கடைசியில் ஒரு கண் மிஞ்சும். நூலை வெட்டி, நுனியை அந்தக் கண்ணுக்குள்ளால் விட்டு இறுக்க வேண்டும். அதுதான் பூட்டுவது. இதை மறந்தால் இருபது நாள் வேலையும் ஒரு இழுவையில் போய்விடும்.

சதுரத்தின் நடுவே குறுக்காக ஒரு தையல் நூல் ஓட்டுங்கள். அதன் இரண்டு முனையிலிருந்தும் மேல் விளிம்பின் நடுவுக்கு ஓட்டி ஒரு முக்கோணம் ஆக்குங்கள். நூலைப் பிடித்துச் சுருக்கினால் முக்கோணம் பையாகக் குவியும். அதற்குள் இலவம் பஞ்சை அடையுங்கள்; அது தலை. மேல் மூலை இரண்டும் தாமாகவே நிமிர்ந்து காதாகும். முதல்தரம் அதைப் பார்க்கும்போது எந்தப் பிள்ளையும் ஒரு சத்தம் போடாமல் இருந்ததில்லை. கீழ்ப்பாதியை முதுகாகத் தைத்து, பஞ்சு அடைந்து, அடியைச் சுருக்கிக் கட்டி, ஒரு நூல் குஞ்சத்தை வாலாக வைத்தால் முடிந்தது.

என்னுடைய மண் நிற முயலை நான் ஒரு கிழமையில் முடித்துவிட்டேன். சொல்லப்போனால் அதுதான் சரியான முயல். எங்கள் பற்றைகளுக்குள் ஓடுகிற முயலுக்கு மண் நிறம்தானே. வெள்ளை முயலை அங்கே யார் கண்டது?

பெற்றார் தினத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது புத்தூர்க்காரி கிணற்றடிக்கு வந்தாள். வெட்கம் என்ற ஒன்று அவளுக்குப் படைக்கப்படவில்லை. சட்டைக்குள்ளிருந்து பின்னிய சதுரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வெள்ளை.

“இஞ்சை பார், மேல் பக்கத்திலை ஒரு கண் விட்டிட்டுது. மூடினாப் பிறகுதான் கண்டனான். எடுத்துத் தா. ஒருத்தருக்கும் சொல்லாதை.”

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில், ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு சின்ன, தட்டையான முடிச்சு. எங்கள் முடிச்சு. நான் போட்டது.

“இந்த நூல் உனக்கு எங்காலை?”

“ரீச்சர் தந்தவ.” கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். “வெயிலிலை காய வைச்சவ. இப்ப மணம் போயிட்டுது.”

மணமாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு வெள்ளை நூல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்காக என்னையும் என் வீட்டையும் என் கரையையும் நாறடித்தாள். ரீச்சரும் தெரிந்துகொண்டுதான் மணந்து பார்த்தார். அவளைத் தலைமயிரில் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கியிருப்பேன். மிஸியம்மா ஐயாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நன்னடத்தை தவறினால் வீட்டுக்கு. கையை மடக்கிக்கொண்டு, “ஓம், நாளைக்குத் தாறன்” என்றேன்.

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் ஆற அமர நிற்கட்டும். எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. இருந்து யோசித்தேன். மிஸியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்காவது ஒரு நூல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அவருடைய கை சும்மா இராது. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போதே எங்கள் பாவாடை விளிம்புகளைப் பார்த்துக்கொண்டு வருவார். தொங்குகிற நூலைக் கண்டால் குனிந்து பிடுங்கிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போவார். எனக்கு அது போதும்.

அவளுடைய சதுரத்தின் மேல் விளிம்பைக் கழற்றினேன். நழுவிய கண்ணை அடியிலிருந்து அழகாக ஏற்றினேன். அதைப் பிழையாகச் செய்ய என் கைக்கு வராது. மறுபடி மூடிக்கொண்டு போனேன். மூலைக்கு வந்தேன், காது நுனியாக வரப்போகிற மூலை. ஒரு கண் மிஞ்சியது. நூல் நுனியை அதற்குள் விடவில்லை. பக்கத்தில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, அரை விரல் நீளத்துக்கு வால் விட்டேன். பூட்டாத கண் தானாக அவிழாது. யாராவது வாலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

கொடுக்கும்போது, “அந்த நூல் வாலை வெட்டிப்போடாதை, வெட்டினால் அவிழ்ந்து போம்” என்று புத்தியும் சொல்லிக் கொடுத்தேன். “எனக்குத் தெரியாதே?” என்றாள். அந்த இரண்டு இரவும் நான் நல்லாய் நித்திரை கொண்டேன். பாவம் என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை. தோன்றியதாக இப்போது எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பிடிக்கும். பொய் எழுதி என்ன பயன்?

பெற்றார் தினம் வந்தது. மண்டபத்தில் நீள மேசை, வெள்ளை விரிப்பு, முயல்கள் வரிசையாக. என்னுடைய மண் நிற முயல் பூச்சாடிக்குப் பின்னால். நடு நாயகமாகப் புத்தூர்க்காரியின் வெள்ளை முயல், கழுத்தில் சிவப்பு நாடா. அவளுடைய தாய் நகையெல்லாம் போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். கவனித்துப் பார்த்தேன், வெள்ளை முயலின் காது நுனியில் நான் விட்ட நூல் வால் அப்படியே இருந்தது. விருந்தாளியாக வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசாணிக்கு ஒரு முயலைக் காட்ட மிஸியம்மா கையை நீட்டியபோது, தையல் ரீச்சர் ஓடிப்போய் வெள்ளை முயலை எடுத்துக் கொடுத்தார். செய்த பிள்ளை என்று புத்தூர்க்காரியையும் முன்னுக்குத் தள்ளினார்.

மிஸியம்மா முயலைத் தூக்கினார். திருப்பினார். அவருடைய கண் காது நுனிக்குப் போனது. “சிறு நூல் ஒன்று” என்று சொல்லி, பிடித்து இழுத்தார்.

வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. முடிவு வரும், முடிவு வரும் என்று அந்த அம்மா இழுக்க, முயலின் வலது காது வரி வரியாகக் கரைந்து அவர் விரலில் சுருள் சுருளாகச் சேர்ந்தது. காது போய்த் தலை திறந்தது. இலவம் பஞ்சு வெளியே வந்து பறந்தது. துரைசாணி ஒரு தும்மல் தும்மினார், இன்னும் கொஞ்சம் பஞ்சு பறந்தது. பின் வரிசையில் யாரோ தொடங்க, மண்டபம் முழுவதும் சிரிப்பாகிவிட்டது. ஒற்றைக் காதோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது முயல். அதன் பக்கத்தில், அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு அவள்.

என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை. என் பிள்ளைகளின் முகத்தை முதன்முதலாகப் பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் ரீச்சராகியிருப்பேன். இருக்கவும்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டே என்னைக் கை காட்டினாள். “மிஸியம்மா, கடைசி வரி நான் பின்னினதில்லை. உவள்தான் மூடித் தந்தவள்.”

அதையும் பொறுத்தேன். அப்போது தையல் ரீச்சர் வாய் திறந்தார். “பாத்தியளே மிஸியம்மா, நான் அப்பவே நினைச்சனான். வலை கட்டிற கையாலை உது வருமே? உதுகளின்ரை வேலை உப்பிடித்தான் பொத்தல் விடும்.”

ஐயாவின் வலையில் கண் விட்டது என்று கரையில் ஒரு பகைவன்கூடச் சொன்னதில்லை. இதைப் பொறுக்க என்னால் முடியவில்லை.

“என்ரை கையாலை ஒரு கண்ணும் தவறி விடாது” என்றேன். என் குரல் மண்டபத்துக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. “அது நான் வேணுமெண்டு விட்டது.”

எல்லாம் சொன்னேன். ரீச்சர் நூலை மணந்து பார்த்தது, நான் முடிச்சைக் கண்டது, எல்லாம். தையல் ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். புத்தூர்க்காரியின் தாய் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். மிஸியம்மாவின் முகம் சிவந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார்.

“அவர்கள் உனக்குச் செய்தது குற்றம். அதை நான் விசாரிப்பேன்” என்றார். “ஆனால் நீ வஞ்சகம் செய்தாய். நாளைக் காலை எல்லார் முன்பும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள். கேட்டால் நீ இங்கேயே இருக்கலாம்.”

“அவள் முதல் கேக்கட்டும் மிஸியம்மா.”

“முதலில் யார் என்பது முக்கியமல்ல.”

எனக்கு அதுதான் முக்கியம். மறுநாள் காலை வரிசையில் நிற்க வைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் ஐயாவுக்கு ஆள் போனது.

ஐயா சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிஸியம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றார். நடந்ததை மிஸியம்மா சொல்லி முடித்துவிட்டு, “இப்போதுகூட ஒரு சொல் போதும். நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன்” என்றார். அந்த அம்மா மோசமானவர் அல்ல. அவருக்கு என்னை அனுப்ப விருப்பமில்லை.

ஐயா என் பக்கம் திரும்பினார். “கேளன் பிள்ளை” என்றார். அதட்டவில்லை. கெஞ்சினார்.

“மாட்டன் ஐயா.”

பேரேட்டைக் கொண்டுவந்து விரித்தார்கள், பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போவதற்கு ஒப்பம் வேண்டும் என்று. மைப்பெட்டியும் வந்தது. ஐயா பெருவிரலைத் தோய்த்தார். அப்போது மட்டும் எனக்குள் ஏதோ இளகியது; மன்னிப்பு என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். யன்னலுக்கு வெளியே விறாந்தையில் புத்தூர்க்காரி நின்று எட்டிப் பார்த்தாள், உடுப்பு அடுக்கிய என் றங்குப் பெட்டியையும் ஐயாவின் விரலையும் பார்த்துச் சிரித்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஐயா விரலைப் பேரேட்டில் அமுக்கினார்.

பஸ்சைத் தவறவிட்டு நடந்தோம். ஐயாவின் தலையில் என் றங்குப் பெட்டி. புத்தூரைத் தாண்டினோம். வல்லை வெளியில் இறங்கியதும் இரண்டு பக்கமும் மரமில்லை, மனிதரில்லை. உப்புக் காற்று ஆளைத் தள்ளியது. அங்கேதான் கேட்டார்.

“தெரிஞ்சோ விட்டனி, தெரியாமலோ?”

“தெரிஞ்சுதான் ஐயா.”

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தோம்.

“எத்தினை கண்?”

“ஒண்டு. கடைசிக் கண்.”

“ஒரு கண்ணிலையோ காது முழுக்கப் போனது?”

“ஓம் ஐயா. தலையும் திறந்திட்டுது. துரைசாணி தும்மினவ.”

அவர் பெட்டியை இறக்கி றோட்டில் வைத்தார். அதன்மேல் இருந்தார். பிறகு சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருமி முடித்து மறுபடி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வெளியில் எங்களைப் பார்க்க ஒரு மாடுகூட இருக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் எழுந்தார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். விரலில் மை வியர்வையில் இளகியிருந்தது. பெட்டியின் விளிம்பில் பட்டது.

“ஒரு கண்ணுக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் குடுத்திட்டியே, பிள்ளை” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு நாளும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. வல்லை வெளி முடியுமட்டும் அவருக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தேன். அழுதுகொண்டே, மற்றக் காதும் போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.